ராணிக்குக் காய்ச்சல்

சிக்னலில் பச்சை விழுந்தபோது பல் டாக்டருக்கு முன்னால் சாலையே தெரியவில்லை. காரின் மூக்கிலிருந்து கிளம்பிய ஆவி கண்ணாடியை முழுக்க மறைத்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஹாரனில் கை வைத்தார்கள். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு இறங்கி பானெட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்ததும் இரண்டடி பின்வாங்கி, பக்கத்தில் நின்ற பைக்கில் இடித்துக்கொண்டார்.

"என்ன சார், நடுரோட்டுல வெந்நீர் போடுறீங்களா?" என்றார் பைக்காரர்.

"கொஞ்சம் சூடாயிடுச்சுங்க. பழைய வண்டி."

"அது பாத்தாலே தெரியுது. வாட்டர் பம்ப் போயிருக்கும்."

"பம்ப் எல்லாம் இல்ல, ஃபேன் பெல்ட்டு," என்று பின்னால் இருந்த காரிலிருந்து ஒரு தலை நீண்டது.

"ரெண்டும் இல்ல, வண்டியே போயிருக்கும்," என்றார் சாலையைக் கடந்துகொண்டிருந்த மூன்றாமவர். அவர் நிற்கக்கூட இல்லை.

டாக்டர் மூன்றையும் மனத்தில் குறித்துக்கொண்டார். அதுதான் அந்த மனிதரிடம் உள்ள கோளாறு. கிளினிக்கில் நோயாளி வலிக்கிற பல்லை விரலால் தொட்டுக் காட்டினாலும் நம்ப மாட்டார். எக்ஸ்ரே எடுப்பார், தட்டிப் பார்ப்பார், குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி நோயாளி துள்ளுவதைப் பார்ப்பார், அதற்கப்புறமும் "எதுக்கும் நாளைக்கு வாங்க" என்பார். கார் என்று வந்துவிட்டால் மட்டும் வழியில் போகிறவன் சொல்வதும் அவருக்கு வேதவாக்கு.

கார் அறுபது வருடத்துக்கு முந்தையது. அதைச் செய்த கம்பெனியை மூடியே நாற்பது வருடமாகிறது. மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள்தான் வெளியே வந்தனவாம். இன்றைக்கு உயிரோடு இருப்பவை ஐந்தோ ஆறோ. ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி வீட்டிலிருந்து டாக்டர் அதை வாங்கினார். வண்டி வாசலைத் தாண்டியபோது நீதிபதியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அவரும் கைக்குட்டையை எடுத்தார். அன்று சாயங்காலமே அந்த அம்மாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தது அவருக்குத் தெரியாது.

டாக்டர் காருக்கு ராணி என்று பெயர் வைத்தார். அவர் மனைவி வைத்த பெயர் சக்களத்தி.

மனைவியைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். மூன்று தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும் சாப்பாட்டு அறைக்குள் அடைந்து கிடந்தன. சாப்பாட்டு மேசையில் பாதி நீலத்துணி, மீதிப் பாதியில் தட்டு. போன மாதம் சாப்பிடும்போது டாக்டர் வாயில் ஒரு குண்டூசி ஏறிவிட்டது. பல் டாக்டராக இருந்ததால் தானே கண்ணாடி வைத்து எடுத்துக்கொண்டார். வீட்டில் காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரே காலியிடம் ஷெட். அதில் ராணி போர்வை போர்த்திக்கொண்டு நின்றாள்.

"ஷெட்டை எனக்குக் கொடுங்க. அவளை வெளிய நிறுத்துங்க," என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல பெயிண்ட் போயிடும்மா."

"எனக்கு இடுப்பே போயிடுச்சு. அது பரவாயில்லையா?"

கடைசியில் டாக்டரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பழங்கார் சங்கம் என்று ஒன்று உண்டு; அவர் அதில் உறுப்பினர். சங்கம் வருடத்துக்கு ஒரு வண்டிக்கு 'அசல்' என்று சான்றிதழ் கொடுக்கும். இந்த வருடம் ராணிக்கு அது கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மனைவி உடனே அவருடைய மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள். வழக்கமான டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாதென்று ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுத வைத்தாள்: 'வரும் ஞாயிறு சான்றிதழ் கிடைத்தால் ராணி ஆயுளுக்கும் ஷெட்டில். கிடைக்காவிட்டால் திங்கள் காலை ஷெட்டில் தையல் மெஷின், ராணி பழைய இரும்புக் கடையில்.' சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டது.

ராணி சிக்னலில் கொதித்தது திங்கட்கிழமை. ஞாயிறுக்கு ஆறு நாள்.

மறுநாள் காலை முதல் நோயாளி ஒரு லாரி டிரைவர். கடைவாய்ப் பல் வலி. டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டு, வாயைத் திறக்க வைத்து, கண்ணாடியையும் கம்பியையும் உள்ளே விட்டுக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஓடிட்டே இருந்தா பரவாயில்ல. சிக்னல்ல நின்னா சூடு காட்டுற முள்ளு சர்ருனு மேல ஏறுது. என்னவா இருக்கும்?"

டிரைவர் கையை ஆட்டினார். டாக்டர் கவனிக்கவில்லை.

"தண்ணியும் ஊத்தித்தான் பாத்துட்டேன். ஊத்த ஊத்தக் குடிக்குது."

டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியை வெளியே இழுத்தார். கோணிய வாயோடு துப்பிவிட்டுச் சொன்னார்: "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க, டாக்டர். தண்ணி போற வழியில ஒரு சின்னக் கதவு மாதிரி இருக்கும். அது மூடிக்கிச்சுன்னா தண்ணி சுத்தாது. கதவே இல்லேன்னா எதை மூடும்?"

"அட! இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என் பல்லு என்னாச்சுங்க?"

"அதை அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார். பாவம், அந்த மனிதர் பாதி வாய் மரத்து, வலி மரக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

மத்தியானமே அந்தச் சின்னக் கதவு கழற்றப்பட்டது. ராணி இரண்டு தெரு ஜோராகப் போனாள். மூன்றாவது தெருவில் முள் பழையபடி ஏறியது. அத்தோடு போனால் தேவலையே! இத்தனை வருடம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்ததில் ரேடியேட்டரின் பழைய இணைப்பு ஒன்று வாயைப் பிளந்துவிட்டது. முன்பு ஆவி மட்டும் வந்த இடத்தில் இப்போது ஆவியும் வந்தது, தண்ணீரும் ஒழுகியது.

அடுத்து மெக்கானிக். அவரைத் தொழிலில் 'ஸ்டெதஸ்கோப்' என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கண்ணைத் திறக்கும்வரை பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

நாலு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "ரேடியேட்டருக்குள்ள அழுக்கு. அறுபது வருஷத்து அழுக்கு. தண்ணிக்குப் போக வழியில்ல."

"பல்லுல காரை கட்டுற மாதிரியா?"

"அதேதான் சார்."

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பல் காரை எடுப்பது அவருடைய குலத்தொழிலாயிற்றே! கிளினிக்கிலிருந்து பல் சுத்தம் செய்யும் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்தார். மெக்கானிக் ஒரு பக்கம் ஆசிட் ஊற்ற, டாக்டர் மறுபக்கம் ஒவ்வொரு துவாரமாக ஊசிமுனையால் சுரண்டினார். ஒரு பேசின் நிறையச் சேறு வந்தது. ரேடியேட்டர் பளபளத்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் நாலா பக்கமும் பூப்பூவாகக் கொட்டியது.

"என்னய்யா இது?"

மெக்கானிக் சங்கடமே இல்லாமல் சொன்னார்: "இத்தனை நாளா அந்த அழுக்குதான் ஓட்டையை அடைச்சிட்டு இருந்திருக்கு, சார்."

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"முன்னாடிதான் அழுக்கு மறைச்சிட்டு இருந்துச்சே. எப்படித் தெரியும்? வேற ரேடியேட்டர் ஒண்ணு போட்டுடலாம் சார்."

டாக்டர், பழங்கார் சங்கத்தின் செயலாளருக்குப் போன் போட்டார். செயலாளர் விதிப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிற ரகம்.

"ரேடியேட்டரை மாத்தலாமான்னா கேக்குறீங்க?" என்றார். குரலே நடுங்கியது. "விதி நாலு என்ன சொல்லுது? 'வண்டி கம்பெனி வாசலை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும்.' ஒரு ஆணி மாறியிருந்தாலும் நாங்க கண்டுபிடிச்சிடுவோம், டாக்டர்."

"சரிங்க, சரிங்க. சும்மா கேட்டேன்."

"அப்புறம், வண்டி முக்கால் மணி நேரம் நின்ன இடத்துல ஓடணும். போன வருஷம் ஒரு வண்டி கொதிச்சு நம்ம தலைவரோட வெள்ளைப் பேண்ட்டு நாசமாப் போச்சு. இந்தத் தடவை ஆவி வந்துச்சுன்னா அவர் கிட்டயே வரமாட்டார். சிறப்பு விருந்தினர் வேற வர்றார். உங்க வண்டியைச் செஞ்ச கம்பெனில அந்தக் காலத்துல வேலை பாத்தவராம். மானத்தை வாங்கிடாதீங்க."

ஆக, ரேடியேட்டரை மாற்றவும் கூடாது, ராணி கொதிக்கவும் கூடாது. டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தார்.

அன்று கிளினிக்கில் வரவேற்புப் பெண் காத்திருந்தவர்களிடம், "டாக்டர் ஒரு அவசர கேஸ்ல இருக்கார்," என்றாள். உள்ளே நாற்காலியில் ரேடியேட்டர் சாய்ந்து படுத்திருந்தது. மேலே விளக்கு. டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு பல் குழி அடைக்கும் சிமென்ட்டால் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமாகுதே. எத்தனை பல்லு அடைக்கிறார்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "இருபத்திமூணு."

"ஐயையோ! வயசானவங்களோ?"

"அறுபது இருக்கும்."

"சின்ன வயசுல ஒழுங்காக் கவனிச்சிருக்க மாட்டாங்க," என்று பெரியவர் பெருமூச்சு விட்டார்.

சிமென்ட் பிடித்துக்கொண்டது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. டாக்டர் கை வேலை அப்படி. ஆனால் ராணி கொதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை, பால் வாங்கப் போகிற தூரம் போய்வந்ததற்கே ஆவி அடித்தது.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்குறேன். பல்லு வலின்னு வர்றவங்களுக்கு வாயில இருக்கிறது மொத்தத்தையும் பிடுங்கிப் பாத்துட்டுத்தான் எந்தப் பல்லுன்னு சொல்வீங்களா?"

"இது வேற, அது வேற."

"வேறதான். அதுக்கு நீங்க படிச்சிருக்கீங்க."

டாக்டர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஆனாலும் அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மூன்று நாளாகக் கிளினிக்கில் ஒரு பல்லையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. உதவி செய்கிறேன் என்று மெக்கானிக் திரும்பவும் வந்தார். திருப்புளியைக் காதில் வைத்து, இந்தத் தடவை ஆறு நிமிடம் தியானம் செய்தார்.

"ஃபேன் பெல்ட்டு தளர்ந்திருக்கு. ஃபேன் சுத்துற மாதிரி சுத்துது, ஆனா காத்து வரல."

"இறுக்குங்க."

இறுக்கினார். இன்னும் கொஞ்சம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். இன்ஜினைக் கிளப்பியதும் ராணி கிறீச்சென்று ஒரு கூச்சல் போட்டாள். பிறகு கடகடவென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், இறுக்கம் தாங்காமல் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

"இந்தப் பம்ப் எங்க கிடைக்கும்?"

"கம்பெனி இருந்தா கிடைக்கும்," என்று மெக்கானிக் திருப்புளியைப் பைக்குள் வைத்தார். வழக்கமாக டாக்டர்கள் சொல்கிற குரலில், தோளைத் தட்டிச் சொன்னார்: "நம்ம கையில இனிமே எதுவும் இல்லீங்க. வீட்டுலயே வெச்சு நல்லாப் பாத்துக்குங்க."

சனிக்கிழமை காலை ராணி ஷெட்டில் பானெட் திறந்தபடி நின்றாள். மனைவி இன்ச் டேப்போடு உள்ளே போய் நீள அகலம் அளந்துவிட்டு வந்தாள். டாக்டர் படியில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ், காதில் கிரீஸ், வெள்ளைக் கோட்டு வெள்ளையாக இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவிக்கு டேப்பைச் சுற்றக் கை வரவில்லை. கோபத்தை முழுக்க வரவழைத்துக்கொண்டுதான் அளக்கப் போயிருந்தாள்; அது பாதியிலேயே எங்கோ போய்விட்டது.

"என்னங்க," என்றாள். "என் தம்பியைக் கூப்பிடட்டுமா?"

"அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆச்சே."

"சூடானதை ஆற வெக்கிறதுதானே அவன் வேலை?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு நான் தோத்தா ஷெட்டு உனக்குத்தானே? நீ எதுக்கு…"

"என்னதான் சக்களத்தியா இருந்தாலும், சாகக் கிடக்கிறவளைப் பாத்துட்டு நிக்க முடியுமா? எனக்கு ஷெட்டு வேணும். அதுக்காக நீங்க இப்படி உக்காந்திருக்கிறதைப் பாக்க முடியாது. வாய மூடிட்டு எழுந்திரிங்க."

மச்சினன் அரை மணியில் வந்தான். இன்ஜினைக் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தான். "மாமா, இது வேலைக்காகாது. ஒரு கரண்ட் பம்ப், ரெண்டு கரண்ட் ஃபேன், பின்னாடி ஒரு குட்டி ரேடியேட்டர். மூணே மணி நேரம். ஐஸ் மாதிரி நிக்கும்."

"அசல் போயிடுமே, மாப்ள! ஒரு ஆணி மாறினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க."

மச்சினன் சிரித்தான். "மாமா, நீங்க முப்பது வருஷமா பொய்ப்பல் கட்டுறீங்க. சிரிக்கும்போது யாராவது கண்டுபிடிச்சிருக்காங்களா?"

டாக்டர் எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சங்கத்தார் பார்த்திருந்தால் கூண்டோடு மயங்கி விழுந்திருப்பார்கள். மச்சினன் புதியதை உள்ளே வைத்தான். டாக்டர் பழைய பம்ப்புக்கும் மூடிகளுக்கும் பல் அச்சு எடுப்பதுபோல அச்சு எடுத்து, பொய்ப்பல் செய்கிற அதே பிளாஸ்டிக்கில் வார்த்து, புதியவற்றின் மேல் தொப்பி போலக் கவிழ்த்தார். பல்லின் நிறம் பார்க்கும் அட்டையை வைத்துத் துருவின் நிறம் பார்த்தார். இளந்துரு, நடுத்துரு, முதிர்ந்த துரு என்று மூன்று பூச்சு. இருபத்திமூன்று ஓட்டை அடைத்த பழைய ரேடியேட்டர், தண்ணீரில்லாமல், மானத்துக்காக முன்னால் நின்றது. ஃபேன் ஓடும் 'ஙொய்' சத்தம் வெளியே கேட்கிறதென்று மச்சினன் கவலைப்பட்டபோது மனைவி மெஷினில் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சீருடைத் துணியை நாலு மடிப்பாக மடித்து ஃபேன்களுக்கு உறை தைத்துக் கொடுத்தாள்.

"அளவு சரியா இருக்கா பாருங்க. இல்லேன்னா கொஞ்சம் பிரிச்சு விடுறேன்."

சாயங்காலம் மூவரும் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார்கள். சிக்னலில் நின்றார்கள், மேட்டில் ஏறினார்கள். முள் படுத்த படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"சரி சரி, இறங்குங்க. தெருவே பாக்குது," என்றாள் மனைவி. அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பதினோரு வண்டிகள் நின்றன. மற்றவை கழுவித் துடைத்த வண்டிகள். ராணி ஒன்றுதான் மேக்கப் போட்டுக்கொண்டு வந்தவள். இன்ஜின் கிளப்பிவிடப்பட்டது. செயலாளர் கையில் கடிகாரம். நடுவர்கள் மூன்று பேர் பூதக்கண்ணாடியோடு பானெட்டுக்குள் குனிந்தார்கள். தலைவர், இந்தத் தடவை கறுப்புப் பேண்ட் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளியே நின்றார்.

டாக்டருக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் ஃபேன் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

முதல் நடுவர் பொய் பம்ப்பை உற்றுப் பார்த்தார். அதன் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார். நகத்தால் தட்டப் போனார்.

"தட்டாதீங்க சார்! பழசு," என்று டாக்டர் பதறினார். கிளினிக்கில் புதுப்பல் கட்டியவர்களுக்குச் சொல்கிற அதே எச்சரிக்கை.

நடுவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார். "இங்க வாங்க. இந்தத் துருவைப் பாருங்க. நிதானமா, வருஷக்கணக்கா ஏறின துரு. இப்பல்லாம் இதை எங்க பாக்க முடியுது?"

"அடடா! இதைச் செயற்கையா பண்ணவே முடியாது," என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இருபது நிமிடம். முப்பது நிமிடம். பக்கத்தில் ஒரு வண்டி இருமி நின்றது. இன்னொன்றிலிருந்து எண்ணெய் கொட்டியது. நாற்பது. ராணி ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. தலைவர் ஓரடி ஓரடியாகக் கிட்டே வந்து, கடைசியில் பானெட்டின் மேலேயே சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு!" என்றார் செயலாளர். நடுவர்கள் மார்க்கைக் கூட்டினார்கள். நூற்றுக்கு நூறு. சங்க வரலாற்றில் இதுவரை கிடையாது. செயலாளர் தங்க எழுத்துச் சான்றிதழை எடுத்து, பேனா மூடியைத் திறந்தார்.

"என்னங்க, ஜெயிச்சிட்டீங்க," என்று மனைவி அவர் காதில் சொன்னாள். ஷெட் போயிற்று. இன்னும் எத்தனை வருடம் சாப்பாட்டு அறையில் குண்டூசி பொறுக்க வேண்டுமோ? இருந்தும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்போதுதான் சிறப்பு விருந்தினருக்கும் வண்டியைக் காட்ட வேண்டும் என்று தலைவருக்கு நினைவு வந்தது. கம்பெனியில் வேலை பார்த்த அந்தப் பெரியவர், அதுவரை நிழலில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். பெயிண்ட்டைப் பார்க்கவில்லை, துருவைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"முக்கால் மணி நேரத்துக்கு மேலயே ஆச்சுங்க," என்றார் டாக்டர். வெற்றி தலைக்கேறியிருந்தது.

"தண்ணி கொதிக்கலியா?"

"ஒரு சொட்டு கொதிக்கல சார்."

"வர்ற வழியில?"

"சிக்னல்ல நின்னோம், மேட்டுல ஏறினோம். மூச்!"

பெரியவர் அவர் முகத்தையே பார்த்தார். "முன்னாடி எப்பவாவது?"

மச்சினன் பின்னாலிருந்து டாக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தான், இத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி. ஜெயித்த மனிதர் எங்கே நிறுத்துகிறார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நடுவர்களுக்கும் தலைவருக்கும் மைதானத்துக்கே கேட்கிறமாதிரி சொன்னார்: "வாங்கின நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், சத்தியமா ஒரு தடவைகூடக் கொதிச்சதில்லீங்க!"

கைதட்டல் எழுந்தது. பெரியவர் மட்டும் தட்டவில்லை. பானெட்டிலிருந்து கையை எடுத்து, டாக்டரின் தோளில் ஆறுதலாக வைத்தார். பிறகு பேனாவும் கையுமாக நின்ற செயலாளரைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்:

"கையெழுத்துப் போடாதீங்க தம்பி, பாவம், இவரை யாரோ நல்லா ஏமாத்தி டூப்ளிகேட்டைத் தலையில கட்டியிருக்காங்க, அந்தக் கம்பெனியை மூடுற வரைக்கும் ரேடியேட்டர் பிரிவுக்குத் தலைமை இன்ஜினியரா இருந்தவன் நான், எங்க வண்டின்னா கால் மணி நேரத்துல கொதிக்கணும்!"